சமையல் மேடையை உடைத்துவிட்டுத்தான் வீட்டை விற்க வேண்டுமா?

வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்த மறுநாளே அந்த வீடு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளாகக் கண்ணில் படாத சுவர்க்கறை அன்றைக்குத்தான் உறுத்தும். கதவுக் கீல் கிறீச்சிடுவது அன்றைக்குத்தான் காதில் விழும். ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் கண் கடைசியில் சமையலறையில் போய் நிற்கும். "இந்த மேடையைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். கேட்டவர் மருமகளாக இருந்தால் மாமியாருக்குக் கோபம் வரும். அது வேறு கதை.

மேடை என்று நான் சொல்வது, நம் தாமான் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் சிமெண்டு மேடையைத்தான். செங்கல் கால்களின் மேல் சிமெண்டுத் தட்டு வார்த்து, அதன்மேல் நான்கங்குல வெள்ளை மொசைக் ஒட்டி, ஒரு பக்கம் சிங்கைப் பதித்து, மறுபக்கம் கேஸ் அடுப்புக்கு இடம் விட்டிருப்பார்கள். கொஞ்சம் செலவு செய்தவர்கள் தெராசோ மேடையோ, பலகையின் மேல் ஃபோர்மைக்கா ஒட்டிய மேடையோ போட்டிருப்பார்கள். லயத்து வீட்டில் புகைக்குள் குனிந்து விறகடுப்பு ஊதிப் பழகிய நம் தாய்மார்களுக்கு, நின்றபடி சமைக்க ஒரு மேடை கிடைத்தது அன்று பெரிய காரியம். முறுக்குப் பிழிந்ததும், மீன் ஆய்ந்ததும், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் அதன்மேல்தான். இன்று அதே மேடை விலைக்கு இடைஞ்சல் என்று பேச்சு வருகிறது.

உடைத்துப் புதிதாக்கி விற்பதா, இருந்தபடியே விற்பதா? இது வசதி படைத்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்கி, அந்த ஒன்றையே விற்கப் போகும் குடும்பத்துக்கு இதில் வைக்கும் பணம் ஊழியர் சேமநிதியில் மிச்சமிருக்கும் பணம். கையில் அதுவும் இல்லையென்றால் வட்டிக்கு வாங்கும் பணம். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேடை உறுதியாக இருந்தால், பழையதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை உடைக்க வேண்டாம்.

தோட்டப் பள்ளி ஆசிரியை என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கடிதம் படித்துச் சொல்ல வேண்டும், பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது அந்தக் கடிதங்களோடு குத்தகைக்காரர்களின் விலைப்பட்டியல்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் அப்படி ஒரு தாளோடு வந்தார்கள். பக்கத்துத் தாமானில் இருக்கும் தங்கள் மலிவு விலை வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு அருகில் போக எண்ணம். "டீச்சர், மேடையை மாத்தினா இருபதாயிரம் கூடக் கேக்கலாம்னு ஏஜெண்டு தம்பி சொல்லுது. இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்க" என்றார் அந்த அம்மா.

தாளைப் பார்த்தேன். மேடைக்கல் 14 அடி, அடிக்கு 180 வெள்ளி வீதம் 2,520 வெள்ளி. பழைய மேடையை உடைத்து அள்ள 900. செங்கல் காலும் உடைபட்டுப் போவதால் கீழே கேபினட் வைக்க வேண்டும். அது 14 அடிக்கு 4,900. மேடையை உடைக்கும்போது சுவர் மொசைக்கும் பெயர்ந்துவிடும் என்பதால் அதற்கு 1,800. புதிய சிங்க், குழாய் 650. ஆக மொத்தம் 10,770 வெள்ளி. "மேடை மாற்றுவது" என்று வாயால் சொல்லும்போது ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லை வைப்பதுபோல் இருக்கிறது. தாளிலோ மேடைக்கல்லின் விலை மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சிங்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை வெட்டும் கூலி, ஓரம் தேய்க்கும் கூலி, மூலை திரும்பும் இடத்தில் ஒட்டும் கூலி ஆகியவை இதில் இருக்கின்றனவா என்று கேட்டு வரச் சொன்னேன். இல்லையாம், அவை தனியாம்.

சரி, அந்த இருபதாயிரம் வருமா?

வீடு வாங்க வருகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குகிறார். வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை வைத்து வீட்டுக்கு ஒரு விலை போடும். அவர் முதலில் பார்ப்பது அதே தாமானில், அதே மாதிரி வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை. பிறகு நிலத்தின் அளவு, மூலை வீடா நடு வீடா, கட்டடத்தின் பொதுவான நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். மேடை பளபளக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டைவிட இருபதாயிரம் கூட்டிப் போடுவது அவர் வழக்கமல்ல.

இதனால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். நீங்கள் 200,000 வெள்ளி கேட்கிறீர்கள், வாங்குபவரும் சம்மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு வாங்குபவருக்கு வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் 180,000 கடன் கிடைக்கும்; அவர் கையிலிருந்து 20,000 போட்டால் போதும். ஆனால் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 190,000 தான் போட்டால் கடன் 171,000 ஆகிவிடும். அவர் 29,000 வெள்ளியைக் கையிலிருந்து எடுக்க வேண்டும். சாதாரணச் சம்பளக்காரருக்கு அந்த ஒன்பதாயிரம் எங்கிருந்து வரும்? ஒன்று, அவர் விலகிவிடுவார். இல்லை, விலையைக் குறைக்கச் சொல்வார். மேடைக்கு நீங்கள் போட்ட பணம் அந்த இடத்தில் கரைந்துவிடும்.

ஏஜெண்டைக் குறை சொல்லவில்லை. புதிய சமையலறை உள்ள வீடு சீக்கிரம் விலை போகும் என்று அவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் யாருக்கு என்ன செலவு என்று பாருங்கள். வீடு விற்கும் ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இருபதாயிரம் கூடக் கிடைத்தால் அவருக்குக் கூடுவது 600 வெள்ளி. கிடைக்காவிட்டால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. 10,770 வெள்ளி போட்டவர் நீங்கள். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை, அவர் கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையிலுள்ள எண்ணைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது இதைவிட முக்கியம்.

"ரசீது இருந்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். வீட்டை விற்ற இலாபத்துக்கான வரி 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்படுகிறது. வீட்டை மேம்படுத்திய செலவை ரசீதோடு காட்டினால் இலாபத்திலிருந்து கழிப்பார்கள் என்பது சரிதான். ஆனால் மலேசியக் குடிமக்களுக்கு 2022 ஜனவரி முதல், வாங்கி ஐந்து ஆண்டு கடந்த வீட்டின்மேல் அந்த வரி விழுக்காடு பூச்சியம். முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. இருபது ஆண்டு குடியிருந்த வீட்டை விற்பவருக்கு வரியே இல்லாதபோது அதில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வீட்டை வாங்கப் போவது யார்? புதிதாகத் திருமணமான ஜோடி என்றால் தங்கள் விருப்பப்படி கேபினட் போடுவார்கள். நீங்கள் போட்ட புதிய கல்லின் நிறம் அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகைக்கு விட வாங்குபவருக்கு அடித்தாலும் உடையாத பழைய சிமெண்டு மேடையே மேல். நமக்குத் தெரிந்த தாமான்களில் வீடு கைமாறிய மாதமே வாசலில் உடைத்த மொசைக் குவிந்து கிடப்பதைப் பார்க்காதவர் யார்? அந்தக் குவியலில் உங்கள் பத்தாயிரமும் சேர்ந்து கிடக்க வேண்டுமா?

மேடையின் அடியில் பாருங்கள்

உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடைத்தே ஆக வேண்டிய மேடையும் உண்டு. அதை மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பார்க்க வேண்டும். சிமெண்டுத் தட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சிங்கைச் சுற்றியுள்ள வெடிப்பில் தண்ணீர் இறங்கி இறங்கி அந்தக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்ததும் அடிப்பக்கச் சிமெண்டைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அடியில் பழுப்பு நிறக் கோடு, உதிர்ந்த சிமெண்டுத் துண்டு, வெளியே தெரியும் கம்பி இவற்றில் ஏதேனும் இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கம்பி வெளியே தெரியும் மேடைமேல் கேஸ் அடுப்பையும் கொதிக்கும் குழம்பையும் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. விற்றாலும் விற்காவிட்டாலும் அதைச் சரி செய்துதான் ஆக வேண்டும்.

ஃபோர்மைக்கா மேடையென்றால் சிங்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் மரத்தூள் பலகை தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் அது மறுபடி படியாது; அந்தப் பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போதும் மலிவான பலகையே போதும். கரையான் கேபினட்டில் ஏறியிருக்கிறதா என்று பின்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். சுவரோடு ஒட்டி மெல்லிய மண்கோடு ஏறியிருந்தால் முதல் செலவு கரையானுக்குத்தான். மேடைக்கெல்லாம் பிறகு.

இவை ஒன்றும் இல்லை, மொசைக் இடுக்கு கறுத்திருக்கிறது, மஞ்சள் கறை படிந்திருக்கிறது, இரண்டு மொசைக் வெடித்திருக்கிறது என்ற அளவில்தான் என்றால், கொஞ்ச உழைப்பும் சில நூறு வெள்ளியும் போதும்.

மஞ்சள் கறை குளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் வெளுக்கும். வெயில் படும் இடமாக இருந்தால் தானாகவும் மங்கும். குளோரோக்ஸைப் பயன்படுத்தும் நாளில் சன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். அதோடு வினிகரையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ, வேறு எந்தச் சோப்புநீரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரோக்ஸும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும். சின்னச் சமையலறையில் அது மூச்சை அடைத்துவிடும். தெராசோ மேடைக்கு வினிகர், எலுமிச்சை, அமிலம் எதுவும் ஆகாது. அதிலுள்ள சிமெண்டையும் சலவைக்கல் துண்டுகளையும் அவை அரித்து மினுக்கத்தைப் போக்கிவிடும். சாதாரணச் சோப்பும் துணியும் போதும். மங்கிப்போயிருந்தால் தரை மெருகேற்றும் ஆளைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்லலாம்.

கறுத்துப் போன இடுக்கை எவ்வளவு தேய்த்தாலும் பழைய வெண்மை வராது. பழைய ஸ்குரூ டிரைவரின் முனையால் பழைய பூச்சை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசியைத் துடைத்துவிட்டு, இடுக்கைக் கொஞ்சம் ஈரமாக்குங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் மொசைக் இடுக்குப் பூச்சுமாவை இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கலந்து, ரப்பர்த் துண்டால் குறுக்காக அழுத்திப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து ஈரப் பஞ்சால் மேலே துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள். சிங்கின் விளிம்பில் கறுத்திருக்கும் பழைய சிலிகோனைக் கத்தியால் வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூசி, அதையும் ஒரு நாள் காயவிட வேண்டும். சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு மாலைக்குள் முடியும். அந்த இரண்டு நாளும் சமையல் என்ன ஆவது என்று கேட்காதீர்கள். அண்டை வீட்டார் எதற்கு இருக்கிறார்கள்!

வெடித்த மொசைக்குக்கு அதே அளவு, அதே வெள்ளை கடையில் கிடைப்பது அரிது. அடுப்புக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையிலிருந்து இரண்டைப் பெயர்த்துக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு, மறைவான இடத்தில் கிடைத்ததை ஒட்டும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். மேடை முழுவதும் மொசைக் மங்கிவிட்டது, ஆனால் அடித்தட்டு கல்லாக இருக்கிறது என்றால், உடைக்காமல் பழையதின் மேலேயே புதிய மொசைக் ஒட்டலாம். மேடை ஓர் அரை அங்குலம் உயரும். சிங்கின் விளிம்பு அதற்கு இடம் கொடுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு வார்த்தை. இப்போது எல்லாரும் கேட்பது குவார்ட்ஸ் மேடை. அது மலையில் வெட்டி எடுத்த கல்லன்று. கல்மாவைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்வது. அதில் சிலிகா மிக அதிகம். அதைக் காய்ந்த நிலையில் வெட்டும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்துவிட்டது. வீட்டில் போட்ட பிறகு அந்த மேடையால் சமைப்பவருக்குத் தீங்கில்லை. தீங்கு வெட்டுகிறவருக்கு. நம் பிள்ளைகளும் இந்த வேலைக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது அதை வெட்ட வந்தால், தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். முகத்தில் நல்ல முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். மகன் அந்த வேலையில் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.

மேடையைவிடப் பெரிய விஷயம்

நான் சொன்ன தம்பதியர் வீட்டைப் பார்க்க முதலில் வந்தவர்கள் ஒரு மலாய்க்கார இளம் தம்பதியர். மேடையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கச் சுவரையே எடுத்துவிடப் போவதாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அனுமதி இருக்கிறதா?"

நம் தாமான்களில் வீட்டின் பின்புறத்தை இழுத்துக் கட்டாதவர் குறைவு. அப்படிக் கட்டுவதற்கு 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால் மதிப்பீட்டாளர் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். மன்றம் இடிக்கச் சொல்லவும் இடமுண்டு. அப்படிப்பட்ட சமையலறைக்குள் பத்தாயிரம் வெள்ளிக் கல்லைப் போடுவது வீண். நல்ல வேளையாக அந்த அம்மா தகரப் பெட்டியில் பழைய அனுமதித் தாளை வைத்திருந்தார்.

அடுத்தது கிராண்டு. மலிவு விலை வீடுகளுக்கு அரசாங்கம் விலை வரம்பு வைத்திருந்தது. 25,000 வெள்ளியாக இருந்த அந்த விலை 1998-இல் இடத்துக்கேற்ப 42,000 வரை உயர்ந்தது. குறைந்த விலையில் கொடுத்ததால் பெரும்பாலான கிராண்டுகளில் ஒரு தடையையும் எழுதியிருப்பார்கள். 'செகாத்தான் கெபென்திங்ஙான்' என்ற தலைப்பின் கீழ், மாநில அரசின் சம்மதமின்றி விற்கக்கூடாது என்று இருக்கும். அந்தச் சம்மதத்துக்கு விண்ணப்பிக்க நாள் ஆகும், செலவும் ஆகும். மேடைக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் இதற்கு உதவும். கிராண்டைப் புரட்டிப் பார்க்காமல் விலை பேசத் தொடங்காதீர்கள். நிலவரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அவர்கள் மேடையை மாற்றவில்லை. இடுக்குகளைப் பூசி, குழாயை மாற்றி, சிங்கின் அடியில் ஒழுகிய இணைப்பைச் சரி செய்து, சுவருக்குச் சாயம் அடித்தார்கள். எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள். அதே இளம் தம்பதியரே வாங்குவதாகச் சொல்லி ஒப்பந்தமும் எழுதியாயிற்று. இருபதாயிரம் கூடக் கிடைக்கவில்லை. பத்தாயிரம் கையை விட்டுப் போகவும் இல்லை.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு சிறு தகராறு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். அந்த அம்மாவின் மாமியார் காலத்து அம்மி, ஆடாமல் இருக்கட்டும் என்று மேடையின் கோடியில் சிமெண்டு வைத்துப் பதிக்கப்பட்டிருந்தது. தேசிய நிலச் சட்டப்படி, நிலத்தோடும் கட்டடத்தோடும் நிலையாகப் பொருத்தியவை எல்லாம் நிலத்தைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அவை வாங்குபவருக்குப் போய்விடும். வீட்டைப் பார்க்க ஆள் வருவதற்கு முன்பே அதைப் பெயர்த்து எடுத்திருந்தால் பேச்சே வந்திருக்காது. வழக்கறிஞரிடம் சொல்லி, "மேடைமேல் உள்ள அம்மியும் குழவியும் விற்பனையில் சேராது" என்று ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. கூரை விசிறி, சாமி மேடை, தண்ணீர்த் தொட்டி என்று நீங்கள் எடுத்துக்கொண்டு போக விரும்புவது எதுவானாலும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஏஜெண்டிடம் கொடுத்துவிடுங்கள். அம்மியைப் பெயர்க்க மகனே உளியோடு வந்தாராம். கீழே இரண்டு மொசைக் உடைந்துபோயிற்று. வாங்குபவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.